ஊர் பார்த்தலும் சாமி பார்த்தலும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பாரூர்ப் பக்கத்தில் குடும்பத்தோடு கோயிலுக்குக் கிளம்புகிறவரை நிறுத்தி எங்கே பயணம் என்று கேட்டால், "சாமி பார்த்துட்டு வரோம்" என்பார். அதே மனிதர் கோடை விடுமுறையில் மனைவி மக்களோடும் நண்பர்கள் குடும்பத்தோடும் பாரிசுக்கும் ரோமுக்கும் போய்த் திரும்பினால், "ஐரோப்பா பார்த்துட்டு வந்தோம்" என்பார். இரண்டுக்கும் ஒரே வினைச்சொல்தான். ஆனால் இரண்டும் ஒரே பார்வையா? காசு கொடுத்து, நாள் குறித்து, பேருந்தில் ஏறி உலகத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர் உண்மையில் எதைப் பார்த்தார்?

இந்தக் கேள்வி பாரூருக்கு இன்று அந்நியமானதில்லை. பெரிய ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர்த் தொழிற்பேட்டைகளில் பொறியாளர்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியின் பெங்களூரா மாம்பழம் கூழாகி ஐரோப்பியக் கடைகளுக்குப் போகிறது. ஓசூரின் ரோஜா பிப்ரவரி மாதக் காதலர் தினத்துக்காக விமானம் ஏறுகிறது. விளைபொருள் போன பாதையில் இப்போது குடும்பங்களும் போகின்றன. பெங்களூருவில் கைரேகை கொடுத்து, ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர் ஒருவருக்கு 90 யூரோ கட்டி, தேவனஹள்ளியில் விமானம் ஏறினால் மறுநாள் பாரிஸ்.

ஒரு காலத்தில் கடலைத் தாண்டுவதே சமயச் சிக்கலாக இருந்தது. பௌதாயன தர்ம சூத்திரம் கடற்பயணத்தைச் சாதியை இழக்கச் செய்யும் குற்றங்களில் ஒன்றாக வைத்தது. 1888-இல் லண்டனுக்குப் புறப்பட்ட காந்தியை அவருடைய சாதியார் விலக்கிவைத்தார்கள். கணித மேதை ராமானுஜன் கேம்பிரிட்ஜுக்குப் போகத் தயங்கியதற்கும் இதுவே காரணம். குடும்பத் தெய்வமான நாமகிரித் தாயார் தன் கனவில் வந்து தடை சொல்லாதே என்றதாக அவருடைய அம்மா சொன்ன பிறகுதான், 1914 மார்ச்சில் அவர் சென்னையிலிருந்து கப்பல் ஏறினார் என்பது அவருடைய வாழ்க்கை வரலாற்றில் நிலைத்துவிட்ட செய்தி. போகலாமா என்ற கேள்வி தீர்ந்துவிட்டது. போன இடத்தில் எப்படி நிற்பது என்ற கேள்வி மிச்சமிருக்கிறது.

அது ஓரத்துக் கேள்வியும் இல்லை. ஐரோப்பியச் சுற்றுலா நிரலை எடுத்துப் பார்த்தால், அதில் பாதி வழிபாட்டு இடங்கள். பாரிசில் நோத்ருதாம். ஜெர்மனியில் கொலோன் பேராலயம். வெனிசில் புனித மாற்கு, புளோரன்சில் வட்டக்கூரைப் பேராலயம், வத்திக்கானில் புனித பேதுரு. ரோமில் உள்ள பாந்தியன்கூட அந்த நாட்டின் பழைய தெய்வங்களுக்குக் கட்டிய கோயில்; கி.பி. 609-இல் தேவாலயமானது. 2023-இல் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு 5 யூரோ நுழைவுக் கட்டணம் வந்தது. மலையும் ஏரியும் பூந்தோட்டமும் போக மீதியில் பல யாரோ ஒருவர் முழந்தாளிட்ட இடங்கள்தாம்.

அங்கே கிடைக்கும் நேரமோ மிகக் குறைவு. ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி பேருந்து ஓட்டுநர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுத்தே தீரவேண்டும். நாள் முடிவில் நீண்ட இடைவெளியும் விடவேண்டும். பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறேழு நாடு என்ற கணக்கு இந்தக் கடிகாரத்துக்குள் அடங்கியாக வேண்டும். அதனால் கொலோனில் அரை மணி என்று வழிகாட்டி அறிவிப்பார். அந்தப் பேராலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1248-இல். வேலை நடுவில் நூற்றாண்டுக்கணக்கில் நின்று, மறுபடி தொடங்கி, 1880-இல் முடிந்தது. 157 மீட்டர் உயரத்து இரட்டைக் கோபுரம். அறுநூறு ஆண்டுக்கு மேற்பட்ட வேலைக்கு அரை மணி. அதில் கழிப்பறை வரிசையும் உண்டு, குழுப் படமும் உண்டு.

இப்படிப் பார்ப்பதைப் பார்த்தல் என்று சொல்லலாமா? தமிழ்ச் சைவம் இந்தக் கேள்வியை வேறொரு திசையிலிருந்து ஆழமாக ஆராய்ந்திருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் எழுதிய சிவஞானபோதம் பன்னிரண்டே நூற்பாக்கள் கொண்டது. அதன் பதினோராம் நூற்பா கண்ணை எடுத்துக்காட்டாக வைக்கிறது. கண் தானாக எதையும் பார்த்துவிடாது. உயிர் உடன் நின்று காட்டினால்தான் கண் காணும். அதுபோல உயிரும் தானாக எதையும் அறிந்துவிடாது. இறைவன் உடன் நின்று, தானும் கண்டு, உயிருக்குக் காட்டுகிறான் என்பது அதன் கருத்து. கண் திறந்திருப்பதால் மட்டும் காட்சி நடந்துவிடாது என்று எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழர் தருக்கமாக நிறுவியிருக்கிறார். அவருடைய பெயரே மெய்யைக் கண்டவர் என்பதுதான். தமிழில் பார்த்தலும் காணலும் பல இடங்களில் ஒன்றுபோல வழங்கினாலும், ஞானத்தைப் பேசும்போது மொழி காணலைத்தான் கையில் எடுக்கிறது.

அதே சைவ சித்தாந்தம் இன்னொன்றும் சொல்கிறது. எதைச் சார்கிறதோ அதன் தன்மையாக ஆகிவிடுவது உயிரின் இயல்பு. பளிங்கு பக்கத்திலுள்ள நிறத்தை ஏற்பதுபோல. சுற்றுலாவுக்கு இதைப் பொருத்திப் பார்த்தால் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஓர் இடத்தில் நின்றவர்மீது அந்த இடத்தின் நிறம் கொஞ்சமாவது ஏறியதா? ஏறியிருந்தால் அவர் கண்டார். ஏறவில்லை என்றால் அவருடைய கண் மட்டும் அங்கே போய் வந்தது.

இந்த அளவுகோலுக்குப் பக்தி கட்டாயமில்லை. பெரியாரின் பயணம் அதற்குச் சான்று. 1931 டிசம்பரில் எஸ். ராமநாதன், ஈரோடு ராமு ஆகிய இரு தோழர்களோடு கப்பல் ஏறிய அவர், கிரேக்கம், துருக்கி, சோவியத் ஒன்றியம், ஜெர்மனி, இங்கிலாந்து, ஸ்பெயின், பிரான்ஸ் என்று ஏறத்தாழ பதினொரு மாதம் சுற்றி 1932 நவம்பரில் திரும்பினார். கடவுளை மறுத்தவர் அவர். ஆனால் சோவியத் மண்ணில் மட்டும் மாதக்கணக்கில் தங்கினார். தொழிலாளர் வாழ்க்கையை உற்றுப் பார்த்தார். திரும்பிய அந்த ஆண்டின் இறுதியிலேயே பொதுவுடைமையாளர் சிங்காரவேலரின் துணையோடு, சமதர்மத்தை முன்வைத்த ஈரோட்டுத் திட்டம் உருவாயிற்று. சுயமரியாதை இயக்கத்தின் பேச்சில் பொதுவுடைமை ஓங்கியது. நண்பர்களோடு ஐரோப்பா போய்த் திரும்பிய ஒருவரை அந்தப் பயணம் மாற்றியிருக்கிறது. நம்பிக்கை இருந்ததா என்பதைவிட, நின்று பார்த்தாரா என்பதே பெரிதாகத் தெரிகிறது.

நின்று பார்ப்பதற்கு இடைஞ்சல் கைப்பேசிதான் என்று பெரியவர்கள் குறைபட்டுக்கொள்வார்கள். வத்திக்கானில் சிஸ்டைன் சிற்றாலயத்துக்குள் படமெடுக்கத் தடை. 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ வரைந்த விதானத்தைப் புதுப்பிக்கும் செலவை ஜப்பானியத் தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று ஏற்று, அதற்கு ஈடாகப் படமெடுக்கும் உரிமையைப் பெற்றது. அந்த உரிமைக் காலம் முடிந்த பின்னும் தடை தொடர்கிறது. காவலர்கள் அடிக்கடி குரல் கொடுத்து அமைதிகாக்கச் சொல்லும் அந்த அறையில்தான், பயணம் முழுவதிலும் முதல் முறையாக, குழந்தைகள் உட்பட எல்லாரும் தலையைத் தூக்கி மேலே பார்க்கிறார்கள். கை சும்மா இருக்கும்போது கழுத்து வளைகிறது.

ஆனாலும் கைப்பேசியை மட்டும் குற்றவாளியாக்குவது அவசரத் தீர்ப்பு. அச்சுக்கலையின் முன்னோடியான குட்டன்பர்க், பைபிளை அச்சிடுவதற்கு முன்பு, 1430களின் இறுதியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கூட்டாளிகளோடு சேர்ந்து சின்னக் கண்ணாடிகள் செய்யும் தொழிலில் இறங்கியிருந்தார். ஜெர்மனியின் ஆகன் நகரத் திருப்பண்டங்களைப் பார்க்கப் போகும் யாத்திரிகர்களுக்கு விற்பதற்காக. கூட்டத்தில் கிட்டே நெருங்க முடியாதவர்கள் கண்ணாடியை உயரத் தூக்கிப் பிடிப்பார்கள். திருப்பண்டத்தின் அருளொளி அதில் பட்டுத் தங்கும், அதை வீட்டுக்கு எடுத்துப் போகலாம் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்று கொலோன் வாசலில் கைப்பேசியைத் தலைக்குமேல் தூக்கும் கூட்டத்துக்கும் அந்தக் கூட்டத்துக்கும் கை ஒரே உயரம்.

வேறுபாடு, அது யாருக்காக என்பதில் இருக்கிறது. வர முடியாதவர்களுக்குத் திருநீறும் குங்குமமும் மடித்துக்கொண்டு போவது நம் ஊர் வழக்கம். பாரூரில் முழங்கால் வலியோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவுக்குக் காணொளி அழைப்பில் நோத்ருதாமின் வண்ணச் சன்னலைக் காட்டும் பேரன், பழைய யாத்திரிகரின் கண்ணாடியைத்தான் தூக்கிப் பிடிக்கிறான். 2019 ஏப்ரலில் தீயில் கூரை எரிந்து, 2024 டிசம்பரில் மறுபடி திறந்த ஆலயம் அது. எரிந்ததையும் எழுந்ததையும் அவன் ஆயாவுக்குச் சொன்னால் அதுவே பிரசாதம். தன் முகத்துக்குப் பின்னணியாக மட்டும் அந்தச் சன்னலை வைத்துக்கொண்டால், அங்கே ஆலயம் இல்லை, திரைச்சீலைதான் இருக்கிறது.

தமிழ்ப் பயணிக்கு இதைவிடச் சிக்கலான ஓரிடம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கிறது. ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தின் ஆசியக் கூடத்தில் ஒன்றரை மீட்டர் உயர நடராசர் நிற்கிறார். பன்னிரண்டாம் நூற்றாண்டளவில் தமிழ்நாட்டில் வார்த்த வெண்கலம். எடை ஏறத்தாழ 300 கிலோ. ஊடுகதிர்ப் படமெடுத்துச் சோதித்ததில் உள்ளே வெற்றிடமே இல்லாத கெட்டி வார்ப்பு என்று தெரிந்தது. தட்டில் கற்பூரமில்லை, மாலையில்லை, பெயர்ப்பலகை இருக்கிறது. அவர் முன் கைகூப்பலாமா, அல்லது மற்றவர்களைப் போல முதுகுக்குப் பின்னே கைகட்டி நடந்துபோகலாமா?

ஆகம முறைப்படி பேசுகிறவர்கள், பிரதிட்டை செய்து நாள்பூசை நடக்கும் வரையில்தான் திருமேனியில் தெய்வ சாந்நித்தியம் என்பார்கள். பூசை நின்று, பீடம் பெயர்ந்துவிட்டால் மறுபடி கிரியைகள் வேண்டும். ஆனால் லண்டன் நீதிமன்றம் ஒன்று இந்தக் கேள்வியை எதிர்கொண்டபோது வேறொரு வாசல் திறந்தது. தஞ்சைப் பகுதியில் உள்ள பத்தூரில் 1976-இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட நடராசர், கைமாறிக் கைமாறி லண்டனுக்குப் போய், 1982-இல் அந்நகரக் காவல்துறையின் வசமானார். வாங்கிய நிறுவனம் தனக்கே உரிமை என்றது. பாழடைந்து கிடந்த பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் வழக்கில் ஒரு தரப்பாக நின்றது. கோயிலே சட்டப்படி வழக்காடலாம் என்று இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன. 1991-இல் நடராசர் தமிழ்நாடு திரும்பினார். பூசை இல்லாமல் பாழடைந்த கோயிலுக்கும் உரிமை சாகவில்லை என்றால், பூசை இல்லாத திருமேனிக்கு முன் கூப்பிய கையை யார் தவறென்று சொல்ல முடியும்? ஆம்ஸ்டர்டாமில் நிற்கும் குடும்பம் கைகூப்பலாம். பிள்ளைகளிடம் இவர் எங்கிருந்து வந்திருப்பார், இவர் நின்ற சந்நிதி எப்படி இருந்திருக்கும் என்றும் பேசலாம். இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது பாதி வழிபாடு.

மற்றவர்களின் தெய்வத்துக்கு முன்னால்? கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரருக்கு இது புதிதில்லை. ஏலத்தகிரி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் இங்கே உண்டு. வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொள்ளும் இந்துக் குடும்பங்கள் தமிழகம் முழுக்க உண்டு. இத்தாலியின் பாதுவா நகரில் 1231-இல் மறைந்த அந்தோணியாரின் கல்லறைப் பளிங்கில் உள்ளங்கையைப் பதித்து நிற்கும் வரிசையில் இவர்கள் தயக்கமில்லாமல் சேர்ந்துகொள்வார்கள். வத்திக்கானில் பேதுருவின் வெண்கலச் சிலையில் வலது பாதம் யாத்திரிகர்களின் கையும் உதடும் பட்டுப்பட்டு விரல் தெரியாமல் தேய்ந்திருக்கிறது. அதைத் தொடும் கைக்கு வழிகாட்டியின் விளக்கம் தேவைப்படுவதில்லை.

இந்த உறவை ஆழமாக வாழ்ந்து காட்டுகிறவர்கள் ஐரோப்பாவுக்குப் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர்கள். டச்சு எல்லையோரம் உள்ள ஜெர்மானிய ஊரான கேவெலாரில், 1642 முதல் யாத்திரை நடக்கிறது. அங்கே வணங்கப்படுவது கைக்குள் அடங்கிவிடும் அளவிலான மாதாவின் சின்னப் படம். துயருற்றோருக்கு ஆறுதல் என்பது அவளுக்குப் பெயர். ஆண்டுதோறும் ஆகஸ்டில் ஆயிரக்கணக்கான தமிழர்கள் அங்கே கூடுகிறார்கள். கத்தோலிக்கரோடு சைவர்களும் வருகிறார்கள். போரில் வீடிழந்து வந்தவர்களுக்கு அந்தப் பெயரே போதுமானதாக இருந்தது. பேருந்தில் வந்து அரை மணி நின்று போகிறவர்களுக்கும் இவர்களுக்கும் இடையே உள்ள தூரம், தேவையின் தூரம்.

அதே ஜெர்மனியில் ஹாம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் 2002-இல் குடமுழுக்குக் கண்டது. தொழிற்பேட்டைக்கு நடுவே 17 மீட்டர் கோபுரம். ஓசூர்க்காரருக்கு அந்தக் காட்சி வீட்டு வாசல்போலத் தோன்றும். தேர்த் திருவிழாவில் பக்கத்துக் கால்வாயே தீர்த்தமாகிறது. ஜெர்மானியர்கள் குழுக்குழுவாக அங்கே பார்க்க வருகிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, எங்கே நிற்பது, எதைத் தொடக்கூடாது என்று தெரியாமல், தயங்கித் தயங்கி நுழைகிறார்கள். இங்கே தமிழர் காணப்படுகிறவர், ஜெர்மானியர் பார்வையாளர். தன் சாமிக்கு முன்னால் பிறர் எப்படி நிற்கவேண்டும் என்று ஹாமில் ஒரு தமிழர் விரும்புவாரோ, அப்படித்தான் தானும் கொலோனில் நிற்கவேண்டும். சுற்றுலா ஒழுக்கத்துக்கு இதைவிட எளிய விளக்கம் கிடைக்காது.

பாரூர்ச் சீமையையும் ஒரு காலத்தில் ஐரோப்பியர் பார்க்க வந்தார்கள். 1792-இல், திப்பு சுல்தானோடு உடன்படிக்கை முடிந்து இந்தப் பகுதியை உள்ளடக்கிய பாரமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்த கையோடு, ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியம் டேனியலும் சென்னையிலிருந்து புறப்பட்டார்கள். இராயக்கோட்டை, ஜகதேவி, வீரபத்திர துர்க்கம், அப்போது மைசூரில் இருந்த ஓசூர் என்று மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டே போனார்கள். 1795 முதல் 1808 வரை லண்டனில் வெளிவந்த அவர்களுடைய 144 படங்களின் தொகுதியில் இந்த ஊர்களும் இடம்பெற்றன. அழகான படங்கள். ஆனால் அவர்கள் தேர்ந்தெடுத்தவை, ஆங்கிலேயப் படை அப்போதுதான் கடந்துபோன கோட்டைகள். லண்டனில் அவற்றை வாங்கியவர்களுக்கு அது வெற்றியின் காட்சி. பார்வையில் உடைமையுணர்வு கலந்துவிட்டால் எவ்வளவு தேர்ந்த கையும் மலையை மட்டும் வரையும், மலைமேல் வணங்கியவரை ஓரத்தில் சின்ன உருவமாக நிறுத்தும். காசு கொடுத்தோம், பார்த்தே தீருவோம் என்று பலிபீடத்தின் முன் நெருக்கியடிக்கும் எந்த நாட்டுப் பயணியிடமும் அந்த உடைமையுணர்வின் சாயல் இருக்கிறது.

இங்கிலாந்து வரை நீளும் பயணங்களில் ஸ்டோன்ஹெஞ்ச் உண்டு. ஏறத்தாழ 4,500 ஆண்டுகளுக்கு முன் நிறுத்திய பெருங்கற்கள். கூட்டத்தால் சேதமாவதைத் தடுக்க, 1970களின் இறுதியிலிருந்து பொதுமக்கள் வழக்கமான நேரங்களில் சுற்றிலும் உள்ள கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்கவேண்டும். அதைக் கண்டு வியக்கும் கிருஷ்ணகிரிப் பிள்ளைகளில் எத்தனை பேர் சூளகிரிக்கு அருகே மல்லச்சந்திரம் குன்றில் வரிசையாக நிற்கும் கல்திட்டைகளைப் பார்த்திருப்பார்கள்? இறந்தவர்களுக்காகப் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய பெருங்கற்கால வீடுகள். சிலவற்றின் உட்சுவரில் வெள்ளை ஓவியங்கள் இன்னும் தெரிகின்றன. இதே மாவட்டத்து மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. ஊர் ஓரங்களில் சண்டையில் மாண்ட வீரனின் நடுகல், வேடியப்பன் என்ற பெயரில் இன்றும் பொங்கல் வாங்கிக்கொண்டிருக்கிறது. ஸ்டோன்ஹெஞ்சை யார் எதற்காக வணங்கினார்கள் என்று சொல்ல அங்கே ஆளில்லை. வேடியப்பனுக்கு ஏன் பொங்கல் வைக்கிறார்கள் என்று கேட்டால் பாரூர் வட்டாரத்துக் கிழவி ஒருத்தி கதையே சொல்வாள்.

ஆகவே ஐரோப்பா போவது வீண் என்பதில்லை. குடும்பத்தோடு கட்டாயம் போகவேண்டும். வெளியே போய் நின்றால்தான், தன் ஊரில் தினமும் கடந்துபோகும் கல்லும் ஒருவர் வியந்து பார்க்கத்தக்கது என்று தெரியவரும். ஆனால் போகிறவர்கள் சுற்றுலா ஏற்பாட்டாளரிடம் ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும்: நிரலில் உள்ள நகரங்களில் இரண்டைக் குறைத்து, மீதியுள்ள ஆலயங்களுக்கு அந்த நேரத்தைத் தரச் சொல்லலாம். உள்ளே நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, பின்வரிசை மரப்பலகையில் பிள்ளைகளோடு உட்காரலாம். அங்கே யாராவது மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருப்பார். அவர் முடித்துப் போகும்வரை காத்திருக்கலாம். படம் அதற்குப் பிறகு.

திரும்பி வந்ததும், பயணப் பெட்டியின் விமான நிலையச் சீட்டு கிழியும் முன்பே, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே நண்பர்கள் குடும்பத்தையும் அழைத்துக்கொண்டு மல்லச்சந்திரம் ஏறுங்கள். குடிநீரும் கட்டுச்சோறும் எடுத்துக்கொண்டால் போதும். குன்றின்மேல் அவசரப்படுத்த வழிகாட்டி இல்லை. பேருந்து ஓட்டுநரின் கடிகாரமும் இல்லை.